லைசென்ஸ் இல்லாத அத்தை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்கள் என்னிடம் கேட்டது நியாயமான கேள்விதான். வானூர்ப் பக்கம் சொந்த வீட்டிலேயே அறை விடுகிறார்கள். ஃபோனில் ஆள் பிடித்து, ஃபோனிலேயே பணம் வாங்கிக்கொள்கிறார்கள். நேரில் போய் விசாரித்தால், "ஃபிரெண்டு சார், சும்மா வந்து தங்கியிருக்கார்" என்கிறார்கள். இவர்களை எப்படிப் பிடிப்பது?

பிடித்துப் பழக்கப்பட்டவனிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. என்னிடம் வந்து கேட்டுவிட்டீர்கள். நகராட்சியில் சுகாதார ஆய்வாளராகக் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். பிரிவு உபசார விழாவில் பேசிய அத்தனை பேரும், "சார் யார் மனசையும் நோகடிச்சது கிடையாது" என்றார்கள். யாரையும் பிடித்தது கிடையாது என்பதை மாலை போட்டுச் சொன்னால் அப்படித்தான் வரும்.

ஆனாலும் சொல்கிறேன். எண்பதுகளின் தொடக்கத்திலும் இதே தகராறுதான். ஃபோன் மட்டும் கிடையாது. நாள் கணக்கில் காசு வாங்கிக்கொண்டு ஆளைத் தங்க வைத்தால் நகராட்சி லைசென்ஸ் எடுக்க வேண்டும். தண்ணீர், கழிப்பறை, காற்றோட்டம் மூன்றையும் நாங்கள் வந்து பார்ப்போம். வாடகை வருகிற பகுதிக்கு வீட்டு வரி ஏறும். தங்குகிறவர் பேரையும் ஊரையும் எழுதி வைக்க வேண்டும், போலீஸ் கேட்டால் காட்ட வேண்டும். சொந்தக்காரர்கள் வந்து தங்கினால் இதில் எதுவுமே கிடையாது. அதனால் அப்போதைய தென்னாற்காடு மாவட்டத்தில், பஸ்ஸை விட்டு இறங்கியவன் எல்லாம் யாருக்காவது சொந்தக்காரனாக ஆகிக்கொண்டிருந்தான்.

என் முதல் பணியிடம் விழுப்புரம். ஸ்டேஷன் எதிரில் இருந்த லாட்ஜுகளைப் பார்ப்பது என் பொறுப்பு. சுலபமான வேலை. வாசலில் போர்டு இருக்கும், உள்ளே லைசென்ஸ் தொங்கும், நான் குழாயைத் திறந்து மூடுவேன், மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று மெத்தையைத் தட்டுவேன். இருந்தால் அது என்மேல் ஏறி வீடு வரைக்கும் வந்து தன்னை நிரூபிக்கும். இதை வைத்துக்கொண்டு நான் என்னைப் பெரிய துப்பறியும் ஆளாக நினைத்துக்கொண்டேன். மீசையை வேறு முறுக்கிவிட்டுக்கொண்டேன். அந்த மீசையோடு திண்டிவனத்துக்கு மாற்றினார்கள். விழுப்புரத்திலிருந்து தினமும் பாசஞ்சர் ரயிலில் போய்வந்தேன்.

திண்டிவனத்தில் எனக்காகக் காத்திருந்தவர் கன்னியம்மாள்.

கல்யாண மண்டபத்துக்குப் பின் தெருவில் அவர் வீடு. கணவர் மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், கணக்கு எழுதுபவர், காலையில் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவார். பிள்ளைகள் வெளியூரில். முற்றத்தைச் சுற்றி நாலு அறைகள், பின்னால் நல்ல தண்ணீர்க் கிணறு, அடுக்கி வைத்த பாய், தலையணை, பெரிய பெரிய அண்டாக்கள். கல்யாணத்துக்கு வருகிறவர்கள், மண்டிக்குச் சரக்கு கொண்டுவருகிறவர்கள் எல்லோருக்கும் நாள் வாடகைக்கு அறை விடுவார். ஊருக்கே தெரியும். லைசென்ஸ் கிடையாது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்ஜ் வைத்திருந்த ஒருவர் நகராட்சி ஆணையரிடம் மனு கொடுத்தார். "நாங்க லைசென்ஸ் எடுத்து, வரியும் கட்டிப்புட்டு ஈ ஓட்டிக்கினு இருக்கறோம். அந்தம்மா ஒண்ணும் கட்டாம நாலு ரூமையும் ரொப்பிக்கினு இருக்குது. இது இன்னா நாயம்?" என்று என்னிடமும் வந்து கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. இதை ஞாபகத்தில் வையுங்கள். மனு கொடுக்கிறவன் பொறாமையில் கொடுத்திருக்கலாம். அதனால் மனுவில் இருப்பது பொய் ஆகிவிடாது.

முதல் தடவை போனேன். உள்ளே செஞ்சியிலிருந்து வந்த ஒரு குடும்பம். யார் என்று கேட்டதும், குடும்பத்தலைவர் தயாராக வைத்திருந்த பதிலை நீட்டினார். "சித்தி வூடு சார்." அடுத்த முறை போனபோது சரக்கு வாங்க வந்த இரண்டு வியாபாரிகள். "பெரியப்பா பசங்க" என்றார்கள், ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டு. அதற்கடுத்த முறை தமிழே தெரியாத ஒரு நெல்லூர்க்காரர். கன்னியம்மாளைக் கைகாட்டி, "அக்கா, அக்கா" என்றார். அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது அது ஒன்றுதான்.

"இன்னாம்மா இது? போன மாசம் செஞ்சிக்காரங்க சொந்தம். இப்ப நெல்லூர்லயும் தம்பி இருக்கறாரா?" என்றேன்.

"ஏன் சார், சொந்தம்னா ஒரே ஊர்லதான் இருக்கணும்னு உங்க முனிசிபாலிட்டில ரூல் போட்டிருக்கறாங்களா?" என்றார் கன்னியம்மாள். "மல்லாட்டை அவிச்சுது சூடா இருக்குது. கைய நீட்டுங்க."

நீட்டினேன். வேறென்ன செய்வது? ஒவ்வொரு முறையும் அலுவலகத்துக்குத் திரும்பி, 'தங்கியிருந்தவர்கள் வீட்டு உரிமையாளரின் உறவினர்கள் எனத் தெரிவித்தனர்' என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கடைசி அறிக்கையைப் படித்துவிட்டு ஆணையர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏன்யா, அந்தம்மாவுக்குச் சொந்தமில்லாதவன்னு இந்த ஜில்லாவுல யாராச்சும் இருக்கானா?"

"விசாரிச்சுச் சொல்றேன் சார்."

"விசாரிக்காதே. வாடகைக்குத்தான் தங்கியிருக்கேன்னு ஒரே ஒரு ஆள் வாயால வாங்கிக்கினு வா. இல்லேன்னா மல்லாட்டை வாங்கித் தின்னுட்டுச் சும்மா வந்துட்டேன்னு உன் மேலேயே ஒரு மனு வரும்."

மல்லாட்டை விஷயம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றைக்கும் தெரியாது. மீசையில் தோல் ஒட்டிக்கொண்டிருந்திருக்கும்.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. ஒருவரோ இருவரோ என்றால் ஒரே பொய்யைச் சொல்லிவிடலாம். ஒரு கல்யாணக் கூட்டமே வந்து இறங்கினால், அத்தனை பேருக்கும் ஒப்பிக்கச் சொல்லிக்கொடுக்க முடியுமா? யாராவது ஒருத்தர் உளறியே தீர வேண்டும். லாட்ஜ்காரரே தகவல் கொடுத்தார். மறுநாள் மண்டபத்தில் கல்யாணம். அன்று சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் வந்து கன்னியம்மாள் வீட்டில்தான் இறங்குகிறார்கள். நோட்டீஸைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். லாட்ஜ்காரர் எதிர்ப் பெட்டிக்கடையில் சோடா குடிப்பதுபோல நின்றுகொண்டார். வெற்றியை நேரில் பார்க்க அவருக்கு ஆசை.

நான் போனபோது வேன் வந்து நின்றிருந்தது. வாசல் முழுக்க ஜனம். மாப்பிள்ளை நடுவில், கழுத்தில் மாலை. எதிரே பட்டுப்புடவையில் கன்னியம்மாள், கையில் ஆரத்தித் தட்டு. இதைப் பார்த்ததும் கொஞ்சம் ஒதுங்கி நிற்க வேண்டும் என்று எந்த மனிதனுக்கும் தோன்றும். எனக்குத் தோன்றவில்லை. கூட்டம் கலைவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்ற அவசரம். இடித்துக்கொண்டு முன்னே போய், விழுப்புரம் லாட்ஜ் மாடிகளில் கூப்பிட்டுப் பழகிய குரலில் கேட்டேன்.

"முனிசிபாலிட்டியிலேர்ந்து வர்றேன். இங்க நாள் வாடகைக்குத் தங்கறவங்க யாரு?"

அந்தக் குரலைப் பற்றி நான் பெருமைப்பட்ட கடைசி நிமிஷம் அது. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. ஆரத்தித் தட்டின் அருகே நின்றிருந்த ஒரு மனிதர் மட்டும் என்னைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோலத் தலையை மெல்ல ஆட்டினார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

அவர் பெயர் ஏழுமலை, பெண்ணைப் பெற்றவர். கோலியனூருக்கு அந்தப் பக்கம் மல்லாட்டை பயிரிடும் விவசாயி. மாப்பிள்ளை வீடு காஞ்சிபுரம் பக்கம். இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கட்டும் என்று திண்டிவனத்தில் மண்டபம் பிடித்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டில் ஒரு முறை உண்டு: கல்யாணத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளை பெண்ணின் சொந்தக்காரர் வீட்டில்தான் இறங்க வேண்டும். அந்த வீட்டுச் சுமங்கலி ஆரத்தி எடுக்க வேண்டும். லாட்ஜ், சத்திரம் எல்லாம் கூடாது. நிச்சயதார்த்தத்தில் இந்தப் பேச்சு வந்தபோது, நல்ல இடம் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில், "அதுக்கு இன்னாங்க, மண்டபத்துக்குப் பின்னாடியே என் தங்கச்சி வூடு இருக்குது" என்று ஏழுமலை சொல்லிவிட்டார். திண்டிவனத்தில் அவருக்குத் தங்கச்சியும் கிடையாது, தெரிந்த நாயும் கிடையாது. அதனால் கன்னியம்மாளிடம் வந்து வீட்டோடு தங்கச்சியையும் இரண்டு நாளைக்குக் கேட்டிருக்கிறார். கன்னியம்மாளும், "பொண்ணு விசயமாச்சே, சரி" என்றிருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

அந்த வாசலில் முதலில் பேசியவர் மாப்பிள்ளையின் தாய்மாமன்.

"வாடகையா? மாமா, பொண்ணோட அத்தை வூடுன்னு இல்ல சொன்னாங்க? காசு குடுத்துப் புடிச்ச வூட்லயா நம்பளை எறக்கி வுட்டிருக்கறாங்க? இதுலயே இவ்ளோ பொய்யின்னா, பொண்ணப் பத்திச் சொன்னதுல எவ்ளோவோ? டிரைவர்! வண்டிய எடுத்துடாதப்பா, நில்லு!"

பின்னால் நின்ற பெண்கள் ஆளுக்கொன்று பேச ஆரம்பித்தார்கள். மண்டபத்தில் மருதாணிக் கையோடு உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு இது எதுவும் தெரியாது. இந்த வேன் திரும்பிவிட்டால் அந்தப் பெண்ணின் கல்யாணம் நின்றுவிடும். அதை நிறுத்திய பெருமை, கிணற்றுக்குக் குளோரின் போடும் உத்தியோகஸ்தனாகிய என்னைச் சேரும்.

அப்போது மாப்பிள்ளையின் அப்பா கையை உயர்த்தினார். தனகோட்டி என்று பெயர். தோளில் துண்டு, அவசரமில்லாத நடை. எல்லோரும் வாயை மூடினார்கள். அவர் நேராக என்னிடம் வந்தார்.

"சார், நீங்க கவர்மெண்ட் ஆளு. உங்களுக்கு இதுல லாபமும் இல்ல, நஷ்டமும் இல்ல. நீங்க சொன்னா நாங்க எல்லாரும் கேட்டுக்கறோம். இந்தம்மா எங்க சம்பந்திக்குச் சொந்தமா, இல்லியா?"

நம் வேலையில் கஷ்டமான நிமிஷம் எது என்று பயிற்சியில் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். லஞ்சம் நீட்டும்போது, மிரட்டும்போது என்று. அதெல்லாம் சுலபம், அங்கே சரி எது, தப்பு எது என்று தெரியும். இங்கே எதிரே ஏழுமலை, சாலைக்கு அந்தப் பக்கம் சோடா பாட்டிலோடு லாட்ஜ்காரர், பைக்குள் நோட்டீஸ். 'சொந்தமில்லை' என்றால் ஆணையர் என் தோளைத் தட்டுவார், ஒரு கல்யாணம் நின்றுவிடும். 'சொந்தம்தான்' என்றால் ஒரு அரசு ஊழியன் நாலு பேர் முன்னால் நின்று பொய் சொன்னவன் ஆவான். வீட்டில் நான் பொய் சொல்லாதவன் அல்ல. அலுவலகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னதில்லை.

அப்போது ஒன்றை யோசித்தேன். எனக்கு உண்மையில் என்ன தெரியும்? அந்தம்மாளுக்கு இவர்கள் சொந்தமில்லை என்று நான் சந்தேகப்பட்டிருக்கிறேன். எங்கேயாவது பார்த்தேனா, விசாரித்து உறுதி செய்தேனா? இல்லை. என்னிடம் கையெழுத்தோடு இருந்தது வேறு.

"ஐயா, எனக்குத் தெரிஞ்சதைத்தான் நான் சொல்ல முடியும்" என்றேன். "இந்த வீட்டுக்குப் பல தடவை விசாரிக்க வந்திருக்கேன். இங்க வந்து தங்கறவங்க இந்தம்மாவுக்குச் சொந்தம்னுதான் ஒவ்வொரு தடவையும் தெரிவிச்சிருக்காங்க. அப்படித்தான் எழுதி, கையெழுத்துப் போட்டு ஆபீஸ்ல கொடுத்திருக்கேன். சந்தேகம் இருந்தா நாளைக்கே வந்து பார்த்துக்கலாம்."

தாய்மாமன் விடவில்லை. "அப்ப வாடகைன்னு இன்னாத்துக்குக் கேட்டீங்க?"

"எல்லா வீட்லயும் கேட்கறதுதாங்க. அடுத்தது எதிர் வீடு."

தனகோட்டி கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டுக்கினீங்க இல்ல? கவர்மெண்டே சொல்லிட்டுது. அவ்ளோதான்."

கன்னியம்மாள் அதுவரை தட்டைக் கீழே இறக்கவே இல்லை. "சூடம் அணையப்போவுது. மாப்பிளைய கிழக்கே பார்க்க நிக்கச் சொல்லுங்க. ஜல்தி" என்றவர் என் பக்கம் திரும்பினார். "இன்ஸ்பெக்டர் சார், நீங்க கொஞ்சம் ஓரமா நில்லுங்க. உங்களுக்கும் சேர்த்து எடுக்க முடியாது."

எதிர் வீட்டிலும் கேட்பேன் என்று சொல்லிவிட்டேன் அல்லவா? தாய்மாமன் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் அந்தத் தெரு முழுக்க வீடு வீடாக ஏறி, "இங்க நாள் வாடகைக்கு யாராவது தங்கறாங்களா?" என்று கேட்டேன். ஒரு வீட்டில், "ஏன், உனுக்கு ரூம் வோணுமா? பேச்சிலருக்கு வுடறதில்ல" என்று கதவைச் சாத்தினார்கள். எனக்கு அப்போது கல்யாணமாகி இரண்டு குழந்தைகள்.

தெருமுனையில் லாட்ஜ்காரர் மடக்கினார். "இன்னா சார், சிக்கிச்சா?"

"ஒருத்தன் சிக்கினான். நான்தான்."

மறுநாள் காலை முகூர்த்தத்துக்குப் போனேன். தனகோட்டி கட்டாயம் வரச் சொல்லியிருந்தார் என்பது ஒரு காரணம். தாலி ஏறுவதை என் கண்ணால் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும் என்பது இன்னொன்று. மேளம் கொட்டியது. ஏழுமலை ஓரமாக நின்று துண்டால் முகத்தைத் துடைத்தபடி இருந்தார். கன்னியம்மாள் பந்தி வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு, பிறந்ததிலிருந்தே அத்தையாக இருந்தவர்போல, நின்றுகொண்டிருந்தார். கூட்டம் குறைந்ததும் பக்கத்தில் போனேன்.

"ஏம்மா, லைசென்ஸ் எடுத்துட்டா இந்தப் பேஜாரே இல்லையே. ஏன் எடுக்கல?"

"இப்பதான் சார் அதைக் கேக்கறீங்க" என்றார். "வந்தப்பல்லாம் 'இவங்க யாரு, அவங்க யாரு'ன்னு வந்தவங்களைத்தான் கேட்டீங்க. என்னை ஒரு நாளாச்சும் கேட்டீங்களா? லைசென்ஸ் எடுத்தா வாசல்ல போர்டு மாட்டணுமாமே. போர்டு மாட்டினா அது லாட்ஜி. லாட்ஜில மாப்பிள எறங்குவானா? என் பொழப்பே மாப்பிளைங்களாலதான் ஓடுது."

"போர்டு மாட்டணும்னு யார் சொன்னது?"

"லாட்ஜிக்காரரு."

போர்டு லாட்ஜ்காரர்கள் வியாபாரத்துக்காக மாட்டுவது. நாங்கள் கேட்டதெல்லாம் லைசென்ஸை வீட்டுக்குள் மாட்டி, நாங்கள் வந்தால் காட்ட வேண்டும் என்பதுதான். பின்கட்டில் அம்மிக்கு மேலே மாட்டினாலும் போதும். வரியும் வாடகைக்கு விடுகிற அறைகளுக்குத்தான் ஏறும், முழு வீட்டுக்கும் அல்ல. இதை அவருக்குச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். அத்தனை தடவை போயும் அந்த ஒரு நிமிஷம் எனக்குக் கிடைக்கவில்லை. சொந்தக்காரர்களை எண்ணுவதிலேயே மும்முரமாக இருந்துவிட்டேன். வானூர்ப் பக்கம் போகும்போது நீங்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: 'லைசென்ஸ் எடுக்க உங்களுக்கு என்ன தடை?' தங்கியிருப்பவர் ஃபிரெண்டா, மச்சானா என்பதை அவர்கள் குடும்பம் பார்த்துக்கொள்ளட்டும்.

"திங்கட்கிழமை வர்றேன். நாயமா எது உண்டோ கட்டிடறேன்" என்றார் கன்னியம்மாள்.

கை கழுவும் இடத்தில் தனகோட்டி என்னைப் பிடித்துக்கொண்டார். சுற்றிலும் பார்த்துவிட்டு, ஓரமாக அழைத்துப் போனார்.

"நேத்து நல்ல நேரத்துல கைகுடுத்தீங்க சார்."

"நான் என்னங்க செஞ்சேன்? தெரிஞ்சதைச் சொன்னேன்."

"அந்தம்மா அத்தை இல்லன்னு எனுக்கு வந்து எறங்கினப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா என்னைக் கேட்டீங்க?"

"எனுக்காகவா கேட்டேன்? நீங்க பாட்டுக்கு வாடகைன்னு கத்திட்டீங்க. என் மச்சான் துள்ளறான். பொம்பளைங்க வேற பேச ஆரம்பிச்சுட்டாங்க. நான் 'பரவால்ல, உள்ள வாங்க'ன்னா, மானங்கெட்டவன்னு ஊர்ல போயிச் சொல்லுவானுங்க. வேற ஒரு ஆளு வாயால வந்தாத்தான் அவன் வாயி மூடும். பொண்ணு நல்ல பொண்ணு சார். ஒரு வூட்டுக்காக வுடுவாங்களா?"

கூட்டத்துக்கு நடுவில் உங்களிடம் ஒருவர் கேள்வி கேட்டால், அவருக்குப் பதில் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். அவர் முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாயைத் திறங்கள். நான் பார்க்கவில்லை, ஏதோ அதிர்ஷ்டம், சரியாக விழுந்தது.

"அத்தை இல்லன்னு எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"இன்னா சார், நீங்க குடும்பஸ்தன்தானே? சொந்த அத்தையா இருந்தா நாங்க வந்து எறங்கறதுக்குள்ளயே ஒருதபாவாச்சும் கோவிச்சுக்கினு போயி மூலையில குந்தி இருக்க மாட்டாளா? இந்தம்மா சிரிச்சுக்கினே தட்டோட நிக்குது. சந்தேகம் வராதா?"

பிறகு குரலை இன்னும் தாழ்த்தினார். "எம் பொண்ணுக்கும் வைகாசியில வெச்சிருக்கறோம். மாப்பிள வூடு கடலூரு, அவங்களுக்கும் இதே முறை உண்டு. எங்களுக்கும் திண்டிவனம்தான் தோது. ஒரு அத்தை வோணும். நாள் வாடகை எவ்ளோன்னு கேட்டுச் சொல்லுங்க."

திங்கட்கிழமை கன்னியம்மாள் வந்தார். நான் நோட்டீஸைக் கிழித்துப் போட்டுவிட்டு விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டேன். ஆணையர் கையெழுத்துப் போட்டார். லாட்ஜ்காரரின் மனுவும் முடிந்தது. அந்த வைகாசியில் கன்னியம்மாள், நகராட்சியின் முறையான லைசென்ஸோடு, தனகோட்டியின் மகளுக்கு அத்தையானார். துறை சார்பில் நான் கொடுத்த ஆலோசனை ஒன்றே ஒன்றுதான். அதன்படி, கடலூர்க்காரர்கள் வந்து இறங்கி அரைமணி நேரத்துக்குள், தன்னை யாருமே மதிக்கவில்லை என்று சொல்லி மூலையில் போய் உட்கார்ந்துகொண்டார்.